நாற்பது நிமிடம் கழித்து வந்த பதில்

கணினிப் பயனர் குழு ஒன்றின் ஐஆர்சி சேனலில், அதாவது இணையத்தில் எழுத்தால் பேசிக்கொள்ளும் அரட்டை அறையில், நான் முதன்முதலாக நுழைந்த அன்று மொத்தம் ஆறு நிமிடங்கள்தான் அங்கே இருந்தேன். "யாராவது இருக்கிறீர்களா? லினக்ஸில் ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று எழுதினேன். பக்கவாட்டுப் பட்டியலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் தெரிந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். அதற்கும் மௌனம்தான். புதிய ஆள் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, மனம் கசந்து வெளியேறிவிட்டேன்.

சில நாட்கள் கழித்து, அந்தச் சேனலின் உரையாடல் பதிவு பொதுவில் கிடைக்கிறது என்று தெரிந்து அதை எடுத்துப் படித்தேன். நான் போய் நாற்பது நிமிடத்திற்குப் பிறகு ஒருவர் என் தற்காலிகப் பெயரைக் குறிப்பிட்டு, "அனுமதி எதற்கு, கேள்வியையே கேளுங்கள். தெரிந்தவர் பார்க்கும்போது சொல்வார்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், "போய்விட்டார் போலிருக்கிறது. என்ன சிக்கல் என்று சொல்லியிருந்தால் பதிலையாவது இங்கே எழுதி வைத்திருக்கலாம்" என்று வருத்தப்பட்டிருந்தார். முகம் தெரியாத இரண்டு பேர் எனக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்றும் நினைவில் இருக்கிறது. புதிதாக இத்தகைய சேனலில் சேர நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அந்த இரண்டு வரிகள்தான் காரணம்.

அன்று எனக்குப் புரியாமல் போனது ஐஆர்சியின் குணம். 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஓவுலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதிய மென்பொருள் அது. இப்போதைய அரட்டைச் செயலிகள் எல்லாச் செய்திகளையும் சேமித்துவைத்து, நாம் எப்போது வந்தாலும் எடுத்துக் காட்டுகின்றன. ஐஆர்சி வழங்கிகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஒருவர் எழுதிய வரியை, அந்த நொடியில் சேனலில் இணைந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகின்றன. நாம் வெளியே இருந்த நேரத்தில் பேசப்பட்டது நமக்கு வராது. அதனால்தான் பழகியவர்கள் சேனலை விட்டுப் போவதே இல்லை. நிரலை நாள் முழுவதும் ஓட விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். பட்டியலில் நான் பார்த்த ஐம்பது பெயர்களும் இணைப்பில் இருந்த நிரல்களின் பெயர்கள். அவற்றுக்கு உரியவர்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் எண்ணியதுதான் பிழை. அவர்கள் திரும்பி வரும்போது மேலே நகர்த்திப் படித்துப் பார்த்து, தங்களால் முடிந்ததற்குப் பதில் எழுதுகிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வருவது அங்கே இயல்பான வேகம்.

ஆகவே கேட்டவர் காத்திருக்க வேண்டும். உலாவி வழியே வந்தால் அந்தத் தாவலை மூடாதீர்கள். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது உறங்கப்போய்விடும், இணைப்பும் அறுந்துவிடும்; இதை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். தொடர்ந்து வருவது என்று முடிவாகிவிட்டால், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கணினியில் இசட்என்சி போன்ற இடைநிலை நிரலை நிறுவிக்கொள்ளலாம். அது நம் சார்பில் சேனலில் இருந்துகொண்டு, நாம் இல்லாதபோது வந்த வரிகளைச் சேர்த்துவைத்துத் தரும். முதல் நாளே அதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். ஒரு மாலை முழுவதும் சாளரத்தைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

இரண்டாம் முறை போனபோது உள்ளேயே விடவில்லை. சேனலில் சேர முடியாது, பெயரைப் பதிவுசெய்து அடையாளம் காட்ட வேண்டும் என்று ஒரு பிழைச்செய்தி வந்தது. முந்தைய வாரம் விளம்பர வரிகளைக் கொட்டும் தானியங்கி நிரல்கள் வந்து தொல்லை கொடுத்ததால், பதிவுசெய்தவர்கள் மட்டும் வரலாம் என்று நடத்துநர்கள் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். பதிவு செய்வது கடினமில்லை. பிணையத்தில் நிக்செர்வ் என்றொரு சேவை நிரல் இருக்கும். அதற்குத் தனிச்செய்தியாக 'ரெஜிஸ்டர்' என்ற கட்டளையோடு கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் முகவரியையும் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தும் வரியைத் திரும்ப ஒட்டினால் பெயர் நமக்கு உரியதாகிவிடும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் எழுதுகிறேன்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது சற்று நிதானம் தேவை. 1993 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 1459 என்ற நெறிமுறை ஆவணத்தில் பெயருக்கு 9 எழுத்துதான் உச்சவரம்பு. இப்போது பல பிணையங்கள் அதைவிட நீளமான பெயரை ஏற்கின்றன. ஆனால் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க அநேகமாக எங்கும் முடியாது. அந்த ஆவணத்தில் என் மனத்துக்குப் பிடித்த ஒரு குறிப்பு உண்டு. சதுர அடைப்புக்குறியின் சிற்றெழுத்து வடிவம் நெளிவு அடைப்புக்குறி என்று அதில் சொல்லியிருக்கிறது. இந்த மென்பொருள் ஸ்காண்டிநேவியப் பகுதியில் பிறந்ததே அதற்குக் காரணம் என்றும் சொல்லியிருக்கிறது. அங்குள்ளவர்களின் கணினி எழுத்துக் குறியீட்டு முறையில் அந்தக் குறிகளின் இடத்தில் அவர்களுடைய மொழியின் எழுத்துகள் இருந்தன. தம் மொழியைக் கணினிக்குள் கொண்டுவர அவர்களும் இடம் தேடியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது ஒரு நெருக்கம் உண்டானது.

கடவுச்சொல் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஐஆர்சியில் வரியின் முதல் எழுத்து சாய்வுக்கோடாக இருந்தால்தான் அது கட்டளை. அதற்கு முன்னால் ஒரேயோர் இடைவெளி விழுந்தாலும் நிரல் அதைச் சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் போட்டுவிடும். சேனலின் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டிருந்த ஒரு நாள், நான் நிக்செர்விடம் அடையாளம் காட்டும் வரியை வேறோர் இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினேன். முன்னால் இருந்த இடைவெளியைக் கவனிக்கவில்லை. என் கடவுச்சொல் நாற்பது ஐம்பது பேர் முன்னால் போய் விழுந்தது. அடுத்த நொடியே நடத்துநர் ஒருவர், "முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றது பிறகு" என்று எழுதி, மாற்றுவதற்கான கட்டளையையும் கொடுத்தார். அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தேன் என்பதால் அன்று இரவு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எஸ்ஏஎஸ்எல் என்ற முறையைத்தான் பயன்படுத்துகிறேன். நிரலின் அமைப்பில் ஒருமுறை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால், சேனலுக்குள் நுழைவதற்கு முன்பே அதுவாக அடையாளம் காட்டிவிடும். கையால் தட்ட வேண்டிய தேவையே இல்லை. அங்கேயே இணைப்பை மறையாக்கத்தோடு வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. வழக்கமான 6667 வாயிலுக்குப் பதிலாக 6697 என்று கொடுத்து டிஎல்எஸ் என்ற பெட்டியைக் குறியிட வேண்டும்.

எந்த நிரல் என்று கேட்பவர்களுக்கு: உலாவியில் தொடங்கினேன், பிறகு ஹெக்ஸ்சாட், இப்போது வீசாட். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையான முனையத்தில் ஓடும் வீசாட், இர்ஸி போன்றவை வேகமானவை. ஆனால் பல முனையங்கள் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அளவான கட்டத்துக்குள் வைக்க முயல்வதால் தமிழின் கொம்பும் புள்ளியும் இடம் மாறித் தெரியும். தமிழில் நிறையப் பேசுகிறவர்களுக்கு வரைகலை நிரலே நல்லது.

இனி என்னுடைய கேள்விக்கு வருகிறேன். என் மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்பு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்பட்டதும் வேலை செய்யாமல் போய்விட்டது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு கிடைத்தது. அதனால், "எப்போதும் பழைய கெர்னலிலேயே தொடங்கும்படி செய்து, இனிமேல் கெர்னல் புதுப்பிப்பே வராமல் தடுப்பது எப்படி?" என்று கேட்க முடிவுசெய்தேன். முதல் முறை பெற்ற பாடத்தை நினைவில் வைத்து, முன்னுரை எதுவும் இல்லாமல், கணினியின் விவரம், கோளாறு தொடங்கிய நாள், செய்து பார்த்தவை எல்லாவற்றையும் ஒரே நீண்ட வரியாகத் தமிழில் எழுதி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "பழைய கெர்னலில் தொடங்கிப் பார்த்தீர்களா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அதைத்தானே எழுதியிருக்கிறேன், படிக்காமலே கேட்கிறாரே என்று எரிச்சல் வந்தது. "மேலே சொல்லியிருக்கிறேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. தன் திரைக்கு வந்த வரியை அப்படியே நகலெடுத்துக் காட்டினார். நான் எழுதியதில் பாதிக்கும் குறைவாகத்தான் அவருக்குப் போயிருந்தது. கடைசி எழுத்து உடைந்து, கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறியாக நின்றது.

இதைத் தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஆர்சியில் ஒரு செய்தியின் நீளம் மொத்தம் 512 பைட். வரி முடிவைக் குறிக்கும் இரண்டு பைட்டும், சேனலின் பெயரும், அனுப்பியவரின் பெயரும் முகவரியும் அதற்குள் அடக்கம். எஞ்சுவது சுமார் 400 பைட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். கணினிக்கு த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். இப்படிக் கணக்குப் போட்டால் ஒரு வரியில் தமிழில் பன்னிரண்டு பதின்மூன்று சொற்கள் போகும், அவ்வளவுதான். பல நிரல்கள் நீண்ட வரியைத் தாமாகவே இரண்டு மூன்றாகப் பிரித்து அனுப்புகின்றன; நான் அன்று பயன்படுத்திய நிரல் பிரிக்கவில்லை, மிச்சத்தை வழங்கி வெட்டிவிட்டது. அனுப்பிய என் திரையில் முழு வரியும் இருந்ததால் எனக்குத் தெரிய வழியில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும்படி எழுதப் பழகிக்கொண்டது அதற்குப் பிறகுதான். என் தமிழ் நடைக்கும் அது நன்மையே செய்தது.

கேள்வி முழுவதும் போய்ச் சேர்ந்ததும் அந்த மூத்தவர் அடுத்ததாகக் கேட்டது: "பழைய கெர்னலிலேயே நிற்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?"

கேட்டதற்கு விடை சொல்லாமல் எதற்குக் குறுக்கு விசாரணை என்று தோன்றியது. ஆனால் அவர் கேட்டதில் காரணம் இருந்தது. கோளாறு ஒன்று; அதற்கு நானே ஊகித்துக்கொண்ட வைத்தியம் வேறொன்று. நான் கோளாறைத் தீர்க்கக் கேட்காமல் வைத்தியத்துக்கு மட்டும் வழி கேட்டேன். கெர்னல் புதுப்பிப்பை நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். நான் கேட்டபடியே அவர் கட்டளையைக் கொடுத்திருந்தால் எனக்கு அன்றைக்குத் திருப்தியாக இருந்திருக்கும், என் கணினி ஓட்டையோடு நின்றிருக்கும். இத்தகைய கேள்விகளை அங்கே 'எக்ஸ்-ஒய் சிக்கல்' என்று சொல்வார்கள். ஒய்யைக் கேட்கிறோம், உண்மையான தேவை எக்ஸ். இப்போது நான் கேள்வி கேட்கும்போதெல்லாம் முதல் வரியில் எக்ஸை எழுதிவிடுகிறேன்: 'கம்பியில்லா இணைப்பு கிடைக்கவில்லை. கெர்னல் புதுப்பித்த பிறகு இப்படி.' நான் நினைக்கும் தீர்வை இரண்டாவது வரியில் வைக்கிறேன்.

கெர்னலின் பதிவுச்செய்திகளைக் காட்டச் சொன்னார். அறுபது வரிகளுக்கு மேல் இருந்ததை அப்படியே சேனலில் ஒட்டினேன். ஏழெட்டு வரி போனதும் இணைப்பு அறுந்தது. அளவுக்கு மிஞ்சிய வெள்ளம் என்ற பொருளில் வழங்கி ஒரு காரணமும் சொல்லிற்று. யாரும் என்னை வெளியேற்றவில்லை. ஒரே நேரத்தில் நிறைய வரிகளைக் கொட்டுகிறவர்களை வழங்கி தானாகவே துண்டித்துவிடும். நீளமானவற்றை உரை ஒட்டும் தளம் ஒன்றில் போட்டு, அதன் இணைப்பை மட்டும் சேனலில் தர வேண்டும். எந்தத் தளத்தைப் பயன்படுத்தலாம் என்று சேனலின் தலைப்பு வரியிலேயே எழுதியிருந்தது. அந்தத் தலைப்பு வரியை நுழைந்தவுடன் படிக்காமல் விட்டது என் தவறு. விதிகள், பொதுப்பதிவு உண்டா இல்லையா, அடுத்த கூட்டம் எப்போது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒட்டுவதற்கு முன் வரிகளை ஒருமுறை படித்து, வீட்டு இணைப்பின் பெயர், வன்பொருள் முகவரி, கடவுச்சொல் போன்றவை இருந்தால் அழித்துவிடுங்கள். ஐந்தே வரிதான் முக்கியம் என்றாலும் முழுப் பதிவையும் கொடுங்கள். எது முக்கியம் என்று நமக்குத் தெரிந்திருந்தால் கேட்கவே வந்திருக்க மாட்டோம்.

மீண்டும் இணைந்தேன். பதிவைப் பார்த்த அவர் டிகேஎம்எஸ் நிலையைக் காட்டும் கட்டளையை ஓட்டச் சொன்னார். விடை அங்கே இருந்தது. என் கம்பியில்லா அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் கெர்னலோடு வருவது அன்று, தனியாக நிறுவியது. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதை மூல நிரலிலிருந்து புதிதாகத் தொகுக்க வேண்டும். டிகேஎம்எஸ் அந்த வேலையைத் தானாகச் செய்யும், தொகுப்பதற்குத் தேவையான, அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் இருந்தால். நான் முன்பு பழைய பதிப்புக்கான ஹெடர் தொகுப்பை மட்டும் எண் குறிப்பிட்டு நிறுவியிருந்தேன். கெர்னல் மாறும்போதெல்லாம் ஹெடரையும் கூடவே இழுத்துவரும் பொதுத் தொகுப்பை நிறுவவில்லை. புதிய கெர்னல் வந்தது, ஹெடர் வரவில்லை, டிரைவர் தொகுக்கப்படவில்லை. அந்தப் பொதுத் தொகுப்பை நிறுவிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். நிறுவும்போதே டிரைவர் தொகுக்கப்படும் வரிகள் ஓடுவதைப் பார்த்தேன்.

"மறுதொடக்கம் செய்துவிட்டு வருகிறேன்" என்று எழுதிவிட்டுப் போனேன். புதிய கெர்னலில் கணினி எழுந்து, இணைப்புச் சின்னம் நிரம்பி, சேனலுக்குள் என் பெயர் தெரிந்த மறுகணம் அவர் எழுதினார்: "எந்தக் கெர்னலிலிருந்து வந்திருக்கிறீர்கள்?" அந்த நள்ளிரவில் அவர் காத்திருந்திருக்கிறார். நான் பதிப்பு எண்ணை எழுதினேன். அவர் "நல்லது. தூங்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு மௌனமானார். நன்றி என்ற சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் அவர் போயிருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அதற்கு ஒரு வணக்கம் வந்திருந்தது.

சிக்கல் தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சேனலில் எழுதுங்கள், எதனால் தீர்ந்தது என்றும் எழுதுங்கள். நன்றி சொல்வதற்கு அதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை. உதவியவர்களுக்குத் தங்கள் ஊகம் சரிதானா என்று தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறவர்களைப் பற்றித்தான் அங்கே எனக்கு உண்மையில் வருத்தம் உண்டு.

அந்த மூத்தவரை நல்லவர் என்று கண்டுகொண்டதால் அடுத்த வாரம் தனிச்செய்தியில் இன்னொரு கேள்வி அனுப்பினேன். பொதுவில் கேட்கும்படி கனிவாகச் சொன்னார். தனியே சொன்னால் தான் பிழையாகச் சொல்வதைத் திருத்த யாரும் இருக்க மாட்டார்கள் என்றார். அந்தக் காரணம் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது, ஏனென்றால் அதன் உண்மையைச் சில நாட்களிலேயே பார்த்தேன். வட்டில் இடம் போதவில்லை என்று கேட்ட புதியவர் ஒருவருக்கு, அன்றுதான் வந்திருந்த யாரோ ஒருவர் ஒரு கட்டளையைக் கொடுத்தார். அடுத்தடுத்து மூன்று பேர், "அதை ஓட்டாதீர்கள், எல்லாக் கோப்புகளும் அழிந்துவிடும்" என்று எழுதினார்கள். நடத்துநர் அந்த ஆளை வெளியேற்றினார். தனிச்செய்தியில் நடந்திருந்தால் ஒரு மனிதரின் புகைப்படங்களும் ஆவணங்களும் போயிருக்கும். யார் கொடுத்த கட்டளையானாலும் அதன் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு தெரிவும் என்ன செய்யும் என்று பார்த்த பிறகே ஓட்டுகிறேன். 'இது என்ன செய்யும்?' என்று கேட்டால் நல்ல உதவியாளர் யாரும் கோபிப்பதில்லை.

நடத்துநர்கள் யார் என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத சேனல்களும் உண்டு. பல இடங்களில் அவர்கள் தேவைப்படும்போது மட்டும், சேனல்களை நிர்வகிக்கும் சான்செர்வ் சேவை வழியே அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் இறக்கிவைத்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும்.

ஒரு மாலை, இரண்டு உறுப்பினர்களுக்கு இடையே எந்த உரைத் திருத்தி சிறந்தது என்று விவாதம் சூடாகிக்கொண்டிருந்தது. திடீரென்று முப்பது பேர் வரிசையாக வெளியேறினார்கள். எல்லோரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து மனம் பதறிவிட்டேன். "சண்டையை நிறுத்துங்கள், குழுவே உடைகிறது" என்று எழுதினேன். எஞ்சியிருந்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஓர் ஐஆர்சி பிணையத்தின் வழங்கிகள் மரத்தின் கிளைகளைப் போல இணைக்கப்பட்டிருக்கின்றன; ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே ஒரு பாதைதான். நடுவே ஓர் இணைப்பு அறுந்தால் பிணையம் இரண்டு துண்டாகிவிடும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் போய்விட்டதாகத் தெரியும், நமக்கு அவர்கள் போய்விட்டதாகத் தெரியும். வெளியேறிய காரணம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வழங்கிகளின் பெயர்கள் இருந்தால் அதுதான் அடையாளம். சில நிமிடங்களில் முப்பது பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பிளவுக்கு அந்தப் பக்கத்தில் விவாதம் சூடு குறையாமல் தொடர்ந்திருந்தது.

உண்மையான பிரிவு ஒன்றையும் பார்த்தேன். எங்கள் சேனல் இருந்த ஃப்ரீநோட் பிணையத்தின் தன்னார்வ ஊழியர்கள் 2021 மே மாதம் விலகி, லிபரா சாட் என்ற புதிய பிணையத்தைத் தொடங்கினார்கள். நிறையக் குழுக்கள் இடம்பெயர்ந்தன, நாங்களும் பெயர்ந்தோம். பழைய பிணையத்தில் பதிவுசெய்த பெயர் புதியதில் செல்லாது, முதலிலிருந்து பதிவுசெய்ய வேண்டும். நான் இரண்டு வாரம் கழித்துப் போனேன். நல்ல வேளையாக என் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. ஒரு குழுவை அறிந்தவர்கள் அதன் சேனல் எந்தப் பிணையத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது விளங்கியது. அதே பெயருள்ள சேனல் வேறு பிணையத்தில் வேறு யாருடையதாகவோ இருக்கலாம், அல்லது நீங்களே புதிதாகத் திறந்த வெற்று அறையாக இருக்கலாம். நுழைந்ததும் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் பிணையத்தின் பெயரைச் சரிபாருங்கள்.

குழுவின் மாதக் கூட்டமும் சேனலிலேயே நடக்கும். மீட்பாட் என்ற நிரலுக்கு ஒருவர் தொடக்கக் கட்டளை கொடுப்பார். முடிவுகளையும் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் குறிப்பிட்ட சொற்களோடு எழுதினால் கடைசியில் அது நிகழ்ச்சிக் குறிப்பாகத் தொகுத்துத் தந்துவிடும். நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் அறிவிப்பார்கள். முதல் கூட்டத்துக்கு அதை என் உள்ளூர் நேரம் என்று எண்ணிப் போய், வெறும் மௌனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஒருவரோடு பேசும்போது அவர் பெயரை வரியின் தொடக்கத்தில் எழுதுவது அங்கே மரியாதை. முதல் இரண்டெழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் நிரல் பெயரை முடித்துக் கொடுக்கும். அவருடைய திரையில் அந்த வரி தனி நிறத்தில் தெரியும். மூன்று உரையாடல்கள் ஒன்றோடொன்று பின்னி ஓடும்போது யார் யாரிடம் சொன்னது என்று பிரித்தறிய வேறு வழியில்லை. ஆனால் பட்டியலில் கண்ட பெயரையெல்லாம் அழைத்து உதவி கேட்காதீர்கள். நள்ளிரவில் யாரோ ஒருவருடைய கணினி மணி அடிக்கும்.

மாதக்கணக்கில் ஒரு வரியும் எழுதாமல் படித்துக்கொண்டே இருப்பதிலும் தவறில்லை. பிறர் கேட்ட கேள்விகளிலிருந்து நான் கற்றது, என் கேள்விகளிலிருந்து கற்றதைவிட அதிகம். கோப்பு அனுமதிகளும் வட்டுப் பிரிவுகளும் பிணைய அமைப்புகளும் எனக்குப் புரிந்தது அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகளில்தான். பிறகு ஒரு நாள் எனக்குத் தெரிந்த ஒரு கேள்வி வந்தது. மற்ற எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். கை நடுங்கப் பதில் எழுதினேன். அதில் ஒரு சிறு பிழை இருந்தது, இன்னொருவர் திருத்தினார். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

சென்ற மாதம், 'விருந்தினர்' என்ற தற்காலிகப் பெயரும் ஓர் எண்ணுமாக ஒருவர் வந்தார். புதுப்பித்த பிறகு கம்பியில்லா இணைப்பு கிடைக்கவில்லை, உதவுங்கள் என்று எழுதினார். நான் அப்போது வேறு வேலையில் இருந்தேன். இருபது நிமிடம் கழித்துத் திரையைப் பார்த்தபோது அவர் வெளியேறியிருந்தார். பதிவுசெய்த பெயராக இருந்தால் மெமோசெர்வ் வழியே குறிப்பு விட்டிருக்கலாம். விருந்தினருக்கு அது முடியாது. இருந்தாலும் அவர் பெயரைத் தொடக்கத்தில் போட்டு, டிகேஎம்எஸ் நிலையைப் பாருங்கள், ஹெடர் தொகுப்பு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இப்படி நிறுவுங்கள் என்று ஐந்து சிறிய வரிகளில் எழுதிவைத்தேன். பதிவைத் தேடி அவர் என்றாவது வருவார் என்ற நம்பிக்கைதான்.

மறுநாள் பிற்பகல், ஓராண்டுக்கும் மேலாகப் பட்டியலில் இருந்தும் ஒரு சொல்லும் பேசாத ஒரு பெயரிடமிருந்து என் பெயரைக் குறிப்பிட்டு ஒரு வரி வந்தது. "நேற்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். என் கணினியிலும் இதே கோளாறு இருந்தது. இப்போது சரியாகிவிட்டது."

வணக்கம் என்று எழுதி, எந்தக் கெர்னலிலிருந்து வந்திருக்கிறார் என்று கேட்டேன்.